கீலாங்கில் நிற்கிறோம்: ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் சத்தம்தான் வருகிறது, வண்டி ஏறவில்லை

திருப்பூர்_தம்பி:
அண்ணன்மாரே, கொஞ்சம் அவசரம். லேயிலிருந்து மணாலிக்குத் திரும்பும் வழியில் கீலாங்கில் மாட்டிக்கொண்டோம். 350 சிசி வண்டி, நானும் நண்பனும், பின்னால் இரண்டு பை. தங்லாங் லா கணவாய் ஏறி இறங்கும் வரை ஒரு குறையும் இல்லை. சர்ச்சு தாண்டி பாரலாச்சா லா ஏறும்போது முறுக்க முறுக்க இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர்வதாக இல்லை, கருகிய வாடை வேறு. நண்பன் இறங்கி நடந்துதான் கணவாயைத் தாண்டினோம், அப்புறம் இறக்கத்திலேயே வந்து சேர்ந்தோம். அக்டோபர் பாதி தாண்டிவிட்டது, மேலே கூடாரங்களைப் பிரிக்கிறார்கள், பனி விழுந்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. இப்படியே மணாலி வரை ஓட்டலாமா?

ஊட்டி_குளிர்:
உயரம்தான் காரணமாக இருக்கும் நண்பா. பாரலாச்சா லா கிட்டத்தட்ட 4,900 மீட்டர், கீழே கிடைக்கிற காற்றில் பாதிக்குச் சற்றுமேல்தான் அங்கே இருக்கும், எந்த வண்டியும் திணறும். இறங்க இறங்கச் சரியாகிவிடும்.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
உயரத்தால் என்றால் இன்ஜினே மூச்சு வாங்கும், ஆர்பிஎம்மும் (இன்ஜின் சுற்றுகிற வேகம்) ஏறாது. தம்பி சொல்வது நேர்மாறு: இன்ஜின் எகிறுகிறது, சக்கரத்துக்குப் போகவில்லை. கிளட்ச் வழுக்குகிறது, அதாவது இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துகிற கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவுகின்றன. கீலாங்கில் சமதளமாக ஒரு இடம் பார்த்து, டாப் கியரில் 40-ல் போகும்போது சட்டென்று முறுக்கிப் பாருங்கள், சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் உறுதி. அதற்கு முன்னால் கிளட்ச் லீவரைப் பாருங்கள், பிடிக்கிற ஆரம்பத்தில் 2-3 மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் கேபிள் விறைப்பாக இருந்தால் பிளேட் முழுசாக ஒட்டாது, அதுவே காரணமாகவும் இருக்கலாம், கேபிளைத் தளர்த்தினாலே போதும். இன்னொன்று, ஆயில் கடைசியாக எங்கே மாற்றினீர்கள்?

திருப்பூர்_தம்பி:
ஆட்டம் சரியாக இருக்கிறது அண்ணாச்சி. நீங்கள் சொன்ன மாதிரி ஓட்டிப் பார்த்தேன், சத்தம் மட்டும்தான். ஆயில் லேயில் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பட்டறையில் மாற்றினார்கள், டப்பாவை நண்பன் படம் எடுத்து வைத்திருந்தான். 5டபிள்யூ-30 என்று இருக்கிறது, பின்பக்கம் ஒரு வட்டம், அதன் கீழ் வளைவில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று போட்டிருக்கிறது.

ஸ்பேனர்_அண்ணாச்சி:
அதுதான் விஷயம். அது கார் ஆயில். காரில் கிளட்ச் தனியாகக் காய்ந்த இடத்தில் இருக்கும், நம் வண்டியில் இன்ஜின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். உராய்வைக் குறைக்கச் சேர்க்கிற சரக்கு அந்த ஆயிலில் உண்டு, அது பிளேட்டையும் வழுக்கவைத்துவிடும். அதோடு ரெண்டு பேர், பை, செங்குத்து ஏற்றம், காற்றும் கம்மி, பாதி கிளட்சில்தான் ஏறியாக வேண்டும். பிளேட் கருகாமல் என்ன செய்யும்! டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ அல்லது ‘எம்ஏ2’ என்ற தரக்குறி இருந்தால்தான் பைக்குக்கு. வாடை வந்துவிட்டதால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஓட்டவும் வேண்டாம். மணாலி போகிற வழியில் உள்ள அடல் சுரங்கம் 9 கிலோமீட்டர், உள்ளே நடுவில் நின்றுபோனால் உங்களுக்கும் ஆபத்து, பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து.

மலைப்பாதை:
பிக்கப் பிடியுங்கள் தம்பி. மணாலி அங்கிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான், காய்கறி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி காலையில் கிடைக்கும், நேரில் பேசினால் வாடகை குறையும். ஏற்றும்போது சைடு ஸ்டாண்டில் நிறுத்தவிடாதீர்கள். முன் சக்கரத்தை கேபினோடு முட்டவைத்து, ஃபோர்க் (முன் சக்கரத்தின் ஷாக்) கொஞ்சம் அமுங்குகிற அளவுக்கு இரண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டச் சொல்லுங்கள். கயிறு ஹேண்டில்பாரின் நுனியில் வேண்டாம், வளைந்துவிடும்.

திருப்பூர்_தம்பி:
மணாலி வந்துவிட்டோம். கிளட்சைப் பிரித்துப் பார்த்தால் ஸ்டீல் பிளேட்டில் நீலம் நீலமாகத் திட்டு, கண்ணாடி மேல் வைத்தபோது இரண்டு பிளேட் ஆடுகிறது. ஃப்ரிக்‌ஷன் பிளேட் குல்லுவிலிருந்து சாயங்காலம் வருமாம். மெக்கானிக் ஸ்டீல் பிளேட்டைத் தேய்த்துப் போடலாம் என்கிறார், செய்யலாமா? சரி செய்தபிறகு ஊர்வரை ஓட்டலாமா?

ஸ்பேனர்_அண்ணாச்சி:
தேய்க்க வேண்டாம், வளைந்தது வளைந்ததுதான், அதையும் புதிதாகவே போடுங்கள். புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டை ராத்திரி முழுக்க பைக் ஆயிலில் ஊறவைத்து மாட்டச் சொல்லுங்கள், காய்ந்தபடி மாட்டினால் முதல் நாளே கருகும். பழைய ஆயிலைச் சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரும் மாற்றி, ஆயிலை வடிகட்டுகிற கம்பி வலையில் ஒட்டிய கருந்தூளைக் கழுவச் சொல்லுங்கள், கூடவே நின்று பாருங்கள். டெல்லி வரை நிதானமாக ஓட்டலாம். அங்கிருந்து ரயில் பார்சலில் போடுவதே நல்லது. டாங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்சி நகல், அடையாள அட்டை நகல் கையில் இருக்கட்டும், வண்டியின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.