எஸ்காஃப்ளோனே: காதலை எடுத்துவிட்டால் அந்த ரோபோ எழுந்து நிற்குமா?

நிலவுவாசி எழுதியது:

1996 ஏப்ரலில் டிவி டோக்கியோவில் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் 26 அத்தியாயங்களோடு நிறைவுற்ற ‘எஸ்காஃப்ளோனே’ அனிமே தொடரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, காதல் கதைக்குள் ராட்சத ரோபோவைத் திணித்துவிட்டார்கள் என்று ஒரு சாராரும், ரோபோக் கதைக்குள் காதலைத் திணித்துவிட்டார்கள் என்று மறு சாராரும் குறைப்படுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தொடரில் பிரித்தெடுக்கக்கூடிய இரண்டு கதைகள் இருக்கின்றன என்ற நம்பிக்கையே பிழையானது என்பது என் வாதம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிட்டோமி கன்சாகி ஒரு பள்ளி மாணவி, ஓட்டக்காரி, டாரட் சீட்டுப் போட்டுக் குறி சொல்பவள். ஒரு மாலையில் பள்ளித் திடலில் ஒரு டிராகனும் அதைக் கொல்ல வந்த ஃபனேலியா நாட்டு இளவரசன் வானும் அவள் கண்முன் தோன்றுகிறார்கள். டிராகனின் இதயத்திலிருந்து எனர்ஜிஸ்ட் என்னும் கல்லை அவன் எடுத்ததும், ஒளித்தூண் ஒன்று இருவரையும் கையா என்னும் உலகுக்குக் கொண்டுபோகிறது. அந்த உலகில் அண்ணாந்து பார்த்தால் பூமியும் நிலவும் சேர்ந்தே தெரியும். சைபாக் பேரரசின் கண்ணுக்குத் தெரியாத கைமெலெஃப்கள், அதாவது அங்கே போரிடும் ராட்சத ரோபோக்கள், ஃபனேலியாவை எரித்துச் சாம்பலாக்கும்போது, வான் தன் முன்னோரின் எஸ்காஃப்ளோனேயை எழுப்புகிறான்.

அவன் அதை எழுப்பும் முறையைக் கவனியுங்கள். கல்லில் தன் இரத்தத்தைச் சிந்தி உடன்படிக்கை செய்கிறான். அதன் விலை பின்னால்தான் தெரிகிறது: எஸ்காஃப்ளோனேயின் மேல் விழும் வெட்டு அவன் உடலிலும் காயமாகிறது. எதிரியின் ரோபோக்கள் மாயத் திரைக்குள் மறைந்து நிற்க, அவை இருக்கும் திசையை உணரக்கூடியவள் பாட்டியின் பதக்கத்தைக் கையில் வைத்திருக்கும் ஹிட்டோமி மட்டுமே. அவள் காணாமல் அவனால் வாள் வீச முடியாது. அவன் வீசும் ஒவ்வொரு முறையும் அவனுக்கே அடிபடுமோ என்று அவள் அஞ்சாமல் இருக்க முடியாது. காதலை எடுத்துவிட்டால் அந்த ரோபோவுக்குக் கண்ணும் இல்லை, வலியும் இல்லை.

இரும்புக்கரம் எழுதியது:

நண்பர் நிலவுவாசி முதல் சில அத்தியாயங்களை வைத்துக்கொண்டு முழுத் தொடருக்கும் நற்சான்று வழங்குகிறார். யமானே கிமித்தோஷி வடிவமைத்த கைமெலெஃப்கள் அக்கால ரோபோக்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. காற்றில் படபடக்கும் மேலங்கி, கவசத்துக்கு உள்ளே தெரியும் சக்கரங்கள், தரையில் கால் பதியும்போது உணரப்படும் எடை, திரவ உலோகமாக நீண்டு ஈட்டியாக இறுகும் சைபாக் நகங்கள் ஆகிய அனைத்தும் கணினி வரைகலை பரவுவதற்கு முன்பு கையால் வரைந்து சாதிக்கப்பட்டவை. என் ஆதங்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இவ்வளவு அருமையாகப் படைத்த ஒன்றை, அஸ்தூரியா அரண்மனைக்குக் கதை நகர்ந்த பிறகு கொட்டகையில் நிறுத்திவிட்டு, இளவரசி மில்லெர்னா யாரை மணப்பாள், வீரன் ஆலன் யாரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான் என்று மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இரத்த உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். காயம் கைமாறும் என்ற அபாரமான யோசனை உச்சத்துக்கு வருவது, அந்த ரோபோவைச் செய்த இஸ்பானோ குலத்தார் வந்து பழுதுபார்க்கும்போதுதான். அதன் பிறகு அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், ஏன் போனார்கள் என்று தொடர் ஏறக்குறைய எதுவும் சொல்லவில்லை. இறுதிப் போரை முடித்துவைப்பதும் எஸ்காஃப்ளோனேயின் வாள் அன்று. ஹிட்டோமியும் வானும் மனத்தால் ஒன்றுபட்டதுதான். ரோபோ கதையின் உயிர் என்றால், கதை முடியும் இடத்தில் அதற்கு வேலை இல்லாமல் போனது எப்படி?

இந்தத் தொடரைத் தயாரித்த இதே சன்ரைஸ் நிறுவனம் 1983-லேயே ‘டன்பைன்’ தொடரில் இதைத் திறம்படச் செய்திருந்தது. அங்கும் மாயவுலகம் உண்டு, பூமியிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட இளைஞன் உண்டு. ஆனால் ஓட்டுபவனின் உயிராற்றலே இயந்திரத்தின் ஆற்றல் என்ற விதியைக் கடைசி வரை அவர்கள் கைவிடவில்லை.

சீட்டுக்கட்டு எழுதியது:

இருவரும் காதல் என்று பேசுகிறீர்களே தவிர, இந்தத் தொடர் காதலைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்விக்குள் நுழையவே இல்லை. இதை இனிமையான காதல் கதை என்று பரிந்துரைப்பவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கிறது. இது காதலைச் சந்தேகத்தோடு பார்க்கும் கதை.

சைபாக்கின் பேரரசர் டார்ன்கர்க் வேறு யாருமல்லர், பூமியில் வாழ்ந்த ஐசக் நியூட்டனே என்று தொடர் காட்டுகிறது. (இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடலாம், நானும் சிரித்தவள்தான்.) ஈர்ப்பு விசைக்கு விதி எழுதிய அறிவு மனித ஊழுக்கும் விதி எழுத முற்பட்டால் என்ன ஆகும் என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் பொருள். ஹிட்டோமியும் வானும் நெருங்கினால் தன் கணக்கு பிசகுகிறது என்று கண்டதும் அவர் படை அனுப்புவதில்லை. ஊழை மாற்றும் இயந்திரத்தை இயக்கி, ஹிட்டோமியையும் ஆலனையும் காதலிக்க வைக்கிறார். மழையில், பாலத்தின் மேல், இசை பொங்க, இருவரும் முத்தமிடுகிறார்கள். காதல் தொடர்கள் உச்சம் என்று கொண்டாடும் அதே காட்சி இங்கே பகைவனின் போர்த் தந்திரம். இதைப் போன்ற துணிவை வேறெந்த ரோபோத் தொடரிலும் நான் கண்டதில்லை.

அதற்கடுத்து வருவது இன்னும் கசப்பானது. வணிகன் ட்ரைடனை மணக்கலாமா என்று மில்லெர்னா குறி கேட்கிறாள். சீட்டு நல்லதைச் சொல்லவில்லை. ஆனால் ஆலன் மீதான தன் ஆசையால் ஹிட்டோமி பொய் சொல்லி அந்தத் திருமணத்துக்குத் தலையசைக்கிறாள். கதாநாயகியின் தூய்மையை இவ்வளவு அமைதியாகக் கறைப்படுத்திவிட்டு, அதற்காக அவளைத் தண்டிக்காமலும், எளிதில் மன்னித்துவிடாமலும் கொண்டுபோயிருக்கிறார்கள். இரும்புக்கரம் இதைத்தான் பெருமூச்சு என்று தள்ளிவிடுகிறார்.

மேளக்காரன் எழுதியது:

இடையில் புகுவதற்குப் பொறுத்தருள்க. கன்னோ யோக்கோவும் மிசோகுச்சி ஹாஜிமேயும் அமைத்த இசையைக் குறிப்பிடாமல் இந்தத் தொடரின் ஈர்ப்பைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள் என்று தெரியவில்லை. வார்சா பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த பகுதிகளையும், போர்க் காட்சிகளில் ‘எஸ்காஃப்ளோனே’ என்ற பெயரையே மந்திரம்போல் முழங்கும் குழுப் பாடலையும் கேட்டால், காதலா ரோபோவா என்ற வழக்கே எழாது. தொடக்கப் பாடலைப் பாடியதும் ஹிட்டோமிக்குக் குரல் கொடுத்ததும் அப்போது 16 வயதே ஆன சகாமோத்தோ மாயா. அதுவே அவருடைய முதல் தனிப்பாடல் வெளியீடு. பாத்திரங்களின் மூக்குகள் ஏன் அவ்வளவு நீளமாக வரையப்பட்டன என்பதற்கு மட்டும் இசையிலும் விடை இல்லை.

நிலவுவாசி எழுதியது:

மூக்குகளைப் பற்றி நான் வாதிட வரவில்லை. பாத்திரங்களை வடிவமைத்த யூக்கி நொபுத்தேருவின் கோடுகள் எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

இரும்புக்கரத்தின் கேள்வி நேரான கேள்வி. எனவே நேராகவே விடை சொல்கிறேன். இறுதியில் ரோபோவுக்கு வேலை இல்லாமல் போவது குறை அன்று. கதை தொடக்கத்திலிருந்தே அந்த இடத்தை நோக்கித்தான் வருகிறது. டார்ன்கர்க் உருவாக்கிய பெருநல மண்டலத்தில் ஒவ்வொருவரின் ஆசையும் நிறைவேறத் தொடங்கியதும், நேற்று வரை தோளோடு தோள் நின்ற நாடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. வானும் ஆலனும்கூட அங்கே ஒருவரையொருவர் கொல்லத்தான் வாள் வீசுகிறார்கள். அந்த நேரத்தில் எஸ்காஃப்ளோனே இன்னொரு முறை வென்றிருந்தால், அது சைபாக்கின் தத்துவம் வென்றதாகவே ஆகியிருக்கும். தன் வலியால் பிணைந்த போர்க் கருவியைக் கீழே வைக்க வான் கற்றுக்கொள்வதைக் காட்ட வேண்டுமானால், முதலில் அந்தக் கருவியை அவன் உடலோடு தைத்திருக்க வேண்டும். இரத்த உடன்படிக்கை அதற்காகத்தான்.

தயாரிப்பு வரலாறும் இதையே காட்டுகிறது. மூலக் கருத்துக்குச் சொந்தக்காரர்களுள் ஒருவரான கவாமோரி ஷோஜி, 1982-இல் வந்த ‘மேக்ராஸ்’ தொடரிலேயே போர் விமானங்களையும் முக்கோணக் காதலையும் ஒன்றாகக் கட்டியவர். முதலில் இயக்குவதாக இருந்த இமகாவா யசுஹிரோ ‘ஜி கண்டம்’ தொடருக்குப் போன பிறகு பொறுப்பேற்ற அக்கானே கசுகி, பெண்களுக்கான மங்காவின், அதாவது ஜப்பானியப் படக்கதையின், உணர்வுலகத்தைத் திட்டமிட்டே உள்ளே கொண்டுவந்தார். குட்டை முடியும் ஓட்டக் காலணியுமாக ஹிட்டோமி மாறியதும் அந்தக் கட்டத்தில்தான். இதே கதையைப் பையன்களுக்கு ஒன்றாகவும் பெண்களுக்கு ஒன்றாகவும் இரண்டு மங்காக்களாகப் பிரித்தும் வெளியிட்டார்கள். அவ்விரண்டையும் இன்று எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? பிரிக்காத வடிவம்தானே நிலைத்தது?

இரும்புக்கரம் எழுதியது:

தொலைக்காட்சித் தொடர் தன் மங்காவைவிடப் புகழ்பெறுவது வழக்கமான ஒன்று. அதை வைத்து ஒரு அழகியல் கொள்கையை நிறுவ முடியாது.

வாளைக் கீழே வைப்பதற்காகவே வாளைக் கொடுத்தார்கள் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் படிப்படியாகக் காட்டப்பட்டதா? முதலில் 39 அத்தியாயங்களுக்குத் திட்டமிட்டதை 26-ஆகக் குறைத்தார்கள் என்பது யாவரும் அறிந்தது. அந்தச் சுருக்கத்தின் வலி கடைசிச் சில அத்தியாயங்களில் அப்பட்டமாகத் தெரிகிறது. சைபாக்கின் வெறிபிடித்த ரோபோ வீரன் டிலாண்டோ உண்மையில் ஆலனின் காணாமற்போன தங்கை செலேனா என்ற செய்தி ஒரு தனித் தொடருக்கே போதுமானது. சைபாக்கின் மந்திரவாதிகள் ஒரு சிறுமியின் உடலையும் ஊழையும் மாற்றி ரோபோவில் ஏற்றிய கொடுமையை, ஓடும் ரயிலிலிருந்து ஊரைக் காட்டுவதுபோல் காட்டிவிட்டுப் போகிறார்கள். வானின் அண்ணன் ஃபோல்கெனின் முடிவும் அப்படியே. தன் நாட்டையே எரித்த படைக்கு வியூகம் வகுத்தவன் மனம் திரும்பி டார்ன்கர்க்கை வெட்ட, உடைந்த வாளின் துண்டு தெறித்து அவன் நெஞ்சிலேயே பாய்கிறது. அந்த இடத்தில் நின்று அழுவதற்குக்கூடப் பார்ப்பவனுக்கு அவகாசம் தரவில்லை. அரண்மனைக் காதலுக்குச் செலவழித்த நிமிடங்களில் பாதியை இங்கே செலவழித்திருக்கலாம் என்பதுதான் என் முறையீடு.

சீட்டுக்கட்டு அவர்களுக்கு ஒரு சொல்: பாலத்து முத்தக் காட்சி பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. பகைவன் காதலை ஆயுதமாக்கும் அந்த அத்தியாயம் வலிமையானது. ஆனால் அது காதலுக்கு எதிரான சான்று. நிலவுவாசியின் தரப்புக்கு அது எப்படி உதவும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நிலவுவாசி எழுதியது:

உங்கள் விருப்பப்படியே செய்து பார்த்ததுதான் 2000-இல் வந்த திரைப்படம். அதே அக்கானே இயக்கினார். அரண்மனை இல்லை, முக்கோணக் காதலின் நெரிசல் இல்லை. எஸ்காஃப்ளோனே இரத்தம் குடிக்கும் பயங்கரமான உயிர்க்கவசமாகவே மாறிவிட்டது. ஓவியத் தரத்தில் அது தொடரைத் தாண்டி நிற்கிறது. இருந்தும் அந்த ரோபோ எழும்போது எனக்கு அச்சம் வந்ததே தவிர, அதற்குள் இருப்பவனைப் பற்றிய பதைப்பு வரவில்லை. காரணம், அவனைப் பற்றிப் பதைக்கும் ஹிட்டோமியோடு பல வாரங்கள் பழகிய பழக்கம் நமக்கு அங்கே கிடைப்பதில்லை.

சீட்டுக்கட்டு எழுதியது:

இரும்புக்கரம் ‘காதலுக்கு எதிரான சான்று’ என்று எழுதியதில் ஒரு திருத்தம் வேண்டும். தான் அஞ்சியவையே நடந்தேறுகின்றன, தன் கலக்கமும் ஊழைத் தள்ளுகிறது என்பதை ஹிட்டோமி மெல்ல மெல்ல உணர்கிறாள். அதை உணர்ந்தவள் இறுதியில் சீட்டைத் துணைக்கு அழைக்காமல், இயந்திரமும் தள்ளாமல், தானாகவே வானை விரும்புகிறாள். விரும்பிய பிறகும் பூமிக்குத் திரும்பவே முடிவெடுக்கிறாள். அவன் தடுப்பதில்லை. பதக்கத்தை அவனிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவர்கள் சேர்ந்து வாழாதது அநீதி என்று கொதிப்பவர்கள், அந்த 26 அத்தியாயங்களில் ஹிட்டோமிக்குச் சொந்தமாக ஒரு முடிவெடுக்க எத்தனை முறை வாய்த்தது என்று எண்ணிப் பார்க்கட்டும். ஒளித்தூண் இழுத்தது, மனத்தில் தோன்றிய எதிர்காலக் காட்சிகள் ஆட்டிவைத்தன, சைபாக் தள்ளியது. அந்த ஒரு முடிவு மட்டும் அவளுடையது. அதைக் காதல் தோற்ற முடிவு என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இரும்புக்கரம் எழுதியது:

அந்த முடிவு அவளுடையது என்பதை ஏற்கிறேன். அது ரோபோவின் மீதான என் வழக்கைத் தொடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். குறைக்கப்பட்ட அந்த 13 அத்தியாயங்களை யாராவது இன்று திருப்பித் தந்தால், நான் இஸ்பானோ குலத்துக்கு ஐந்து, செலேனாவுக்கு ஐந்து, ஃபோல்கெனுக்கு மூன்று என்று ஒதுக்குவேன். நீங்கள் இருவரும் 13-ஐயும் அந்தப் பாலத்துக்கே கேட்பீர்கள் என்று ஐயுறுகிறேன்.

சீட்டுக்கட்டு எழுதியது:

எனக்கு மில்லெர்னாவுக்கு இரண்டு போதும். பொய் சொன்னதை ஹிட்டோமி அவளிடம் எப்படி எதிர்கொண்டாள் என்பதை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும். மீதி 11-ஐ நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.