வாசெக்டமிக்குப் பின் விந்தணுவுக்கு எதிரான நோயெதிர்ப்பு: விலங்காய்வுகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நுண்ணோக்கி:
வாசெக்டமி என்னும் ஆண் கருத்தடை அறுவையில் விந்துக்குழாயைத் துண்டித்த பிறகும் விரையில் விந்தணு உற்பத்தி நிற்பதில்லை. வெளியேற வழியற்ற அணுக்கள், விரையை ஒட்டியுள்ள சுருள்குழாயான எபிடிடைமிஸில் தேங்குகின்றன. கசியும் இடத்தில் கிரானுலோமா என்னும் அழற்சிக் கட்டி தோன்றுகிறது. பருவமடையும் வரை உடல் கண்டிராத புரதங்கள் இவ்வாறு நோயெதிர்ப்பு மண்டலத்தின் பார்வைக்கு வந்துவிடுகின்றன. 1970களில் வாசெக்டமி செய்யப்பட்ட முயல்களில் சிலவற்றின் விரைகளில், அந்நியப் பொருளைத் தாக்க நோயெதிர்ப்பு மண்டலம் உண்டாக்கும் எதிர்ப்பொருளும் விந்தணுப் புரதமும் பிணைந்த கூட்டுத்தொகுதிகள் படிந்து அழற்சி உண்டானது. 1978இல் கொழுப்பு மிகுந்த உணவு அளிக்கப்பட்ட நீண்டவால் மெக்காக் குரங்குகளில், அறுவை செய்யப்பட்டவற்றுக்குத் தமனித் தடிப்பு (இரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது) கூடுதலாக இருந்தது. இவ்வளவு தெரிந்தும் விந்தணுவுக்கு எதிராக உடலில் "எதிர்வினை ஏதுமில்லை" என்று சிலர் சொல்லிவிடுவது எப்படிச் சரியாகும்?

தராசு:
எதிர்வினை இல்லை என்று நான் சொல்லவில்லை. நோய் உண்டா என்பதே என் கேள்வி. வாசெக்டமி செய்துகொண்ட ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில் விந்தணு எதிர்ப்பொருள் காணப்படுகிறது, ஆனால் அவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். கினிப்பன்றிக்கு விரைத் திசுவை ஊசி மூலம் செலுத்தி விரை அழற்சியை உண்டாக்கிய 1953ஆம் ஆண்டு ஆய்விலும், எதிர்வினையைத் தூண்டிவிடும் துணைப்பொருளைச் சேர்க்க வேண்டியிருந்தது. குரங்குகளைப் பற்றிய உங்கள் சான்று இன்னும் பலவீனமானது: அதே ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட பிந்தைய ஆய்வில், அதே வகைக் குரங்குகளின் தமனிகளில் வாசெக்டமியால் எந்த விளைவும் தென்படவில்லை. 1984இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஒப்பிட்ட ஆய்விலும் இதயநோய் கூடியதாகத் தெரியவில்லை.

நுண்ணோக்கி:
1980ஆம் ஆண்டின் ரீசஸ் குரங்கு ஆய்வைத் தாண்டிப் போய்விட்டீர்கள். அவை பல ஆண்டுகள் கொழுப்புக் குறைந்த உணவையே உண்டவை. அங்கும் தமனித் தடிப்பு கூடியது. அதைவிட முக்கியமானது, இதயத்துக்குக் கேடில்லை என்பது விரைக்கும் கேடில்லை என்று ஆகிவிடாது. பிரித்த குழாயை மீண்டும் இணைத்தாலும் சிலருக்குக் கருத்தரிப்பு கைகூடாமல் போவதில் எதிர்ப்பொருளுக்குப் பங்கு உண்டு என்று பலர் கருதுகிறார்கள். எதிர்ப்பொருளால் விந்தணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நீந்துவது கடினந்தானே.

பவளமல்லி:
இருவரும் எதிர்ப்பொருளையே எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அதை அடக்கி வைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 2011இல் வெளியான சுண்டெலி ஆய்வில், ஒரு பக்க வாசெக்டமி செய்யப்பட்டவற்றில் விரை அழற்சி தோன்றவில்லை. பின்னர் விந்தணுப் புரதத்தைக் கொண்டு நோயை உண்டாக்க முயன்றபோதும் அவை தாங்கி நின்றன. ஆனால் நோயெதிர்ப்பு எதிர்வினையை அடக்கி வைக்கும் வெள்ளணுக்களான ஒழுங்குபடுத்தும் டி செல்களை அறுவையின்போதே குறைத்துவிட்டால், விந்தணு எதிர்ப்பொருளும் விரை அழற்சியும் தோன்றின. அதாவது, கசிந்த புரதம் தன்னளவில் தீர்மானிப்பதில்லை. அதைச் சந்திக்கும் செல்களின் சமநிலையே தீர்மானிக்கிறது. முயலுக்கு நோய் வருவதும் பல விலங்குகளுக்கு வராததும், எலிகளுக்குள்ளேயே இனவகைக்கேற்ப எதிர்வினை மாறுவதும் இந்த நோக்கில் முரண்பாடாகத் தெரியவில்லை.

தராசு:
இது என் பக்கத்தையே வலுப்படுத்துகிறது. ஆய்வுக்கூடத்தில் டி செல்களை வேண்டுமென்றே அழித்த பிறகுதான் நோய் வந்தது. அப்படி அழியாத உடலில் இயல்பான விளைவு சகிப்புத்தன்மையே.

நுண்ணோக்கி:
சுண்டெலியின் உடலில் அப்படி இருக்கலாம். கூண்டில் வளரும் அவை ஒரே மரபணு வகையைச் சேர்ந்தவை, தொற்றுகளும் மிகக் குறைவு. அழற்சியோ தொற்றோ ஏற்கெனவே உள்ள உடலில் இந்தச் சமநிலை எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்தச் சோதனை தொடவே இல்லை. முயலில் கண்ட அழற்சியை விதிவிலக்கு என்று ஒதுக்குவதற்கு முன், அங்கே டி செல்களின் நிலை என்ன என்று யாராவது அளந்து பார்க்க வேண்டும்.