வீடு காலி செய்து மூன்று வாரம் கழித்து வந்த லைட் பில்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அவுட்பில்டிங்கில் (பெரிய வீட்டு வளாகத்துக்குள்ளேயே உள்ள தனிச் சிறு வீட்டில்) குடியிருக்கும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த்தில், ஆர்.கே.கான் மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி நானும் மனைவியும் மூன்று வருடம் இருந்தோம். வாடகை 5,500 ராண்ட், டெபாசிட்டும் அதே. தண்ணீர் வாடகையில் சேர்த்தி, லைட்டுக்குத் தனி சப்-மீட்டர், அது எங்கள் பகுதியின் செலவை மட்டும் காட்டும். (ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு: இங்கே கரண்ட் பில் என்று யாரும் சொல்வதில்லை, ‘லைட்ஸ்’தான்.) வீட்டுக்காரம்மாவுக்கு அறுபதுக்கு மேல் வயது. ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பம், பேச்செல்லாம் ஆங்கிலம். ஆனால் புரட்டாசி முழுக்க அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. எங்களுக்கும் சேர்த்துத்தான் பீன்ஸ் கறி வைப்பார்.

ஜூன் கடைசியில் பைன்டவுனுக்கு மாறினோம். சாவி கொடுக்கும்போது ஆன்ட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. டெபாசிட்டை அடுத்த வாரம் போட்டுவிடுவதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் மாநகராட்சி பில்லின் படம் வந்தது. 9,412 ராண்ட். கீழே ஒரே வரி: இது உங்கள் லைட்ஸ், டெபாசிட் போக இன்னும் 3,912 தரவேண்டும்.

அன்று இரவு இருவருக்கும் தூக்கமே இல்லை. பணத்தைவிட, நாம் கொடுக்காமல் ஓடிவந்தோம் என்று அவர் நினைக்கிறாரே என்பதுதான் வலித்தது.

பில்லைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மெயின் மீட்டர் கேட்டுக்கு உள்ளே, நாய் கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். ரீடிங் எடுப்பவர் உள்ளே வர முடியாமல் ஏழு மாதம் எஸ்டிமேட் போட்டே பில் வந்திருக்கிறது. நாங்கள் காலி செய்த பிறகு நிஜ ரீடிங் எடுத்ததும், விட்டுப்போன யூனிட் எல்லாம் ஒரே பில்லில் இறங்கிவிட்டது. அந்த ஏழு மாதத்தில்தான் ஆன்ட்டியின் மகன் குடும்பத்தோடு பெரிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஐந்து பேர், குளிர்காலம், நாள் முழுக்க கீசர். ஆன்ட்டி பொய் சொல்லவில்லை. தொகையைப் பார்த்துப் பயந்து, வெளியே போனவர்கள்தான் காரணம் என்று நம்பிவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது மனைவியின் மளிகைக் கணக்கு நோட்டு. மாதக் கடைசியில் டிபி போர்டுக்கு, அதாவது ஃப்யூஸ் பெட்டிக்கு, கீழே ஸ்டூல் போட்டு ஏறி, சப்-மீட்டர் எண்ணை அதில் எழுதிவிடுவாள். கடைசியாகப் பணம் கொடுத்த அன்று 14,171. சாவி கொடுத்த அன்று 14,386. அன்று போனில் படமும் எடுத்திருந்தாள். ஓரத்துச் சிவப்பு இலக்கம் இரண்டு எண்களுக்கு நடுவில் நிற்பதுகூட அதில் தெரியும். ஆக எங்கள் பாக்கி 215 யூனிட், அவ்வளவுதான்.

ஆன்ட்டி கேட்கிற நிலையில் இல்லை. மகன் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில், அதாவது ரென்டல் ஹவுசிங் டிரிப்யூனலில், எழுதிக் கொடுத்தோம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டு வாடகை வீட்டுச் சட்டத்தில் நமக்கு வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. டெபாசிட்டை வட்டி வரும் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். குடியிருப்பு முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்க்க வேண்டும். பாக்கி எதுவும் இல்லையென்றால் ஏழு நாளில் டெபாசிட்டை வட்டியோடு திருப்பித் தர வேண்டும். ஆன்ட்டிக்கும் இது தெரியாது, எங்களுக்கும் அதுவரை தெரியாது.

முதலில் சமரசப் பேச்சு. அங்கே நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தோம். மகன் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மூன்று வருடமும் ஆன்ட்டியிடம் கொடுத்த தொகையும் தேதியும் அதே நோட்டில் வரிசையாக இருந்தன. 215 யூனிட்டுக்கான பணத்தைக் கழித்துக்கொண்டு மீதியை வட்டியோடு தர ஒப்புக்கொண்டார்கள். ஆன்ட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

சாவி கொடுத்த அன்றே அந்த எண்ணை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அழுதுகொண்டு நிற்பவர் முன்னால் எப்படிக் காகிதத்தை நீட்டுவது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. அது என் தவறுதான்.

பதில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

அண்ணா, என் கதை தலைகீழ். நான் மாதாமாதம் வாடகையோடு லைட்ஸ் பணமும் கொடுத்துவந்தேன். ஓனர் அதைக் கட்டவே இல்லை. காலி செய்யும்போது ‘அக்கவுண்டில் பாக்கி இருக்கிறது’ என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார். கையில் கொடுத்த மாதங்களுக்கு ரசீது இல்லை, அந்தப் பணம் போனது போனதுதான். பேங்க் வழியாக அனுப்பியதை மட்டும் நிரூபிக்க முடிந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு தகவல். இங்கே என்னர்டேல் மேன்ஷன்ஸ் என்ற கட்டடத்தில் இதேபோல ஓனர் கட்டாமல் விட்டதால் குடியிருந்தவர்களுக்கு லைட்டை வெட்டிவிட்டார்கள். அது அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. கணக்கு ஓனர் பெயரில் இருந்தாலும், வெட்டுவதற்கு முன் குடியிருப்பவர்களுக்கு 14 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2009-இல் தீர்ப்பு வந்தது. கதவில் அப்படி ஒரு தாள் ஒட்டியிருந்தால் ஓனருக்கு வந்தது என்று விட்டுவிடாதீர்கள், உடனே படம் எடுத்துவையுங்கள்.

பதில், மெர்பேங்கிலிருந்து:

தம்பி, நான் வீட்டுக்காரி. நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். என் வீட்டில் இருந்த பையன் மூன்று மாத லைட்ஸ் கொடுக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். கணக்கு என் பெயரில். நான் பென்ஷனில் கட்டினேன். நான் மாநகராட்சியில் போய்க் கேட்டபோது, ஓனர்தான் பொறுப்பு என்றார்கள். வீட்டை விற்கலாம் என்றாலும் மாநகராட்சி தரும் கிளியரன்ஸ் சான்றிதழ் (பாக்கி இல்லை என்ற சான்று) இல்லாமல் பத்திரம் மாறாது. அதற்குக் கடைசி இரண்டு வருடப் பாக்கி முழுக்கத் தீர்ந்திருக்க வேண்டும். உங்கள் ஆன்ட்டி பயந்ததில் தப்பில்லை.

அதற்கப்புறம் அவுட்பில்டிங்குக்கு ப்ரீபெய்ட் சப்-மீட்டர் போட்டுவிட்டேன். போனவர் பாக்கி வைத்துப் போக வழியில்லை. அதிலும் ஒரு தொல்லை வந்தது. 24 நவம்பர் 2024-க்குள் எல்லா ப்ரீபெய்ட் மீட்டருக்கும் புதுக் குறியீட்டு எண் போடவேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கும் டோக்கன் எண் ஏறாது என்றார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் இரவு குடியிருக்கும் பெண் கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டினாள், லைட் இல்லை. மகன் டார்ச் பிடிக்க, 20 இலக்க எண் இரண்டை ஒவ்வொன்றாக அழுத்தினேன். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது முறைதான் ஏற்றுக்கொண்டது. சப்-மீட்டரை விற்ற ஆளின் நம்பரை வைத்திருந்ததால் அந்தக் குறியீட்டு எண்கள் கிடைத்தன. நம்பர் இல்லாதவர்கள் இப்போதே வாங்கிவையுங்கள்.

நீங்கள் எழுதச் சொல்லும் காகிதத்தில் என்னென்ன இருக்கவேண்டும், தம்பி? நான் ஒன்று தயார் செய்துவைக்கிறேன்.

பதில், பைன்டவுனிலிருந்து:

அம்மா, பெரிதாக ஒன்றும் வேண்டாம். தேதி, சாவி கொடுத்த நேரம், மெயின் மீட்டர் எண், சப்-மீட்டர் எண், கையில் உள்ள டெபாசிட் எவ்வளவு, இரண்டு பேர் கையெழுத்து. இரண்டு பிரதி. மெயின் மீட்டரை மறக்காதீர்கள், எங்கள் சண்டை முழுக்க அதில்தான். உங்களுக்கு அந்தப் பையன் செய்தது பெரிய அநியாயம், படிக்கும்போதே மனது கஷ்டமாக இருந்தது.

ஆன்ட்டியிடமிருந்து அதற்குப் பிறகு போன் இல்லை. புரட்டாசி பிறந்துவிட்டது. சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள் மனைவி. போகிறோம்.