ஒன்றுக்குப் போக முக்குகிறான், சொட்டுதான் வருகிறது

ஸ்பாட்டி அப்பா:
டால்மேஷன் நாய், ஆண், வயது ஐந்து. நேற்று மதியத்திலிருந்து கம்பத்துக்குக் கம்பம் காலைத் தூக்கி நிற்கிறான், வருவது ரெண்டு சொட்டு, அதுவும் லேசான சிவப்பு. இன்று சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான், ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். உடம்புச் சூடுதான், இளநீர் கொடு என்கிறார் அம்மா. திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டினால் போதுமா?

மழைக்கோட்டு நாய்:
போதாது சார், இப்பவே கிளம்புங்கள். ஆண் நாயின் குறிக்குள் ஒரு சின்ன எலும்பு உண்டு, மூத்திரக்குழாய் அதன் பள்ளத்துக்குள் போவதால் அந்த இடத்தில் விரிய முடியாது, மூத்திரப்பையிலிருந்து இறங்கும் கல் பெரும்பாலும் அதற்குக் கொஞ்சம் பின்னாலேயே மாட்டிக்கொள்ளும். டால்மேஷன் வேறு, பிறவியிலேயே மூத்திரத்தில் யூரிக் அமிலம் அதிகம் போகிற இனம், அதுதான் கல்லாகச் சேரும். அடைத்துவிட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம், வாந்தி வந்துவிட்டது என்றால் உள்ளே விஷம் ஏறத் தொடங்கியிருக்கலாம். இளநீரில் இருப்பதும் பொட்டாசியம்தான், அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். வயிற்றை அமுக்கியும் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடலாம். வலிக்கிறதே என்று நம் மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

கறுப்பி வீடு:
எங்களுடையது பெண், நாட்டு நாய், கருத்தடை செய்யவில்லை. ஹீட் (இணைசேரும் பருவம்) முடிந்து ஒரு மாதம் இருக்கும், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், வீட்டுக்குள்ளேயே போனாள், பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருந்தாள். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று நாங்களே முடிவு கட்டி ஐந்து நாள் வீணாக்கினோம். ஸ்கேனில் பார்த்தால் கருப்பை முழுக்கச் சீழ், அன்றைக்கே ஆபரேஷன். பெண் நாய் வைத்திருப்பவர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

ஸ்பாட்டி அப்பா:
ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடினோம். அடைப்பேதான். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, இந்த வகைக் கல் அதில் பெரும்பாலும் தெரியாதாம், ஸ்கேனில்தான் பிடிபட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. முதலில் டிரிப்ஸ், இசிஜி, அப்புறம் மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டு, சலைனைப் பாய்ச்சி, கல்லைப் பைக்குள்ளேயே திருப்பித் தள்ளினார்கள். நாளைக் காலை அறுத்து எடுக்கிறார்கள். பையில் சேர்ந்திருந்த மூத்திரம் குழாய் வழியாக இறங்க இறங்க, அவன் மூச்சு விட்ட விதத்தைப் பார்க்கணுமே!

என்ன சாப்பாடு போடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். வாராவாரம் ஈரல் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார், ஈரல் அந்த யூரிக் அமிலத்தைக் கூட்டுமாம், இந்த இனத்துக்கு ஆகவே ஆகாதாம். கறிக்கடையில் அவனுக்கென்றே எடுத்து வைப்பார்கள், இனி அவர்களுக்கும் சொல்ல வேண்டும்.