புதுப்பிப்பு: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் தொகுதியில் சுயேச்சையாக நிற்க விரும்புவோருக்கு

அரசுத் தலையீடு குறைய வேண்டும் என்று பேசும் தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் நகராண்மைத் தேர்தலில் நிற்கலாமா என்று போன பதிவில் கேட்டிருந்தீர்கள். முடியாது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன, இப்போது மன்ற உறுப்பினர்கள் நியமனம்தான். (சுதந்திரம் பேசுவோருக்கு இதைவிட நல்ல பிரசாரத் தலைப்பு கிடையாது.)

நாடாளுமன்றத்துக்கு வயது 18 போதும். வைப்புத்தொகை 10,000 ரிங்கிட், பிரசாரப் பொருள்களுக்குத் தனியாக 5,000. அதற்குள் வரும் லிந்தாங், ஜாலோங் சட்டமன்றத் தொகுதிகளுக்கு வைப்புத்தொகை 5,000, பிரசாரப் பொருள்களுக்கு 3,000. எட்டில் ஒரு பங்கு வாக்கு இல்லையேல் வைப்புத்தொகை போச்சு. பதாகைகளைக் கழற்றாவிட்டால் பிரசாரப் பொருள்களுக்கான தொகையும் போகும்.

சறுக்கும் இடம், வேட்புமனுவில் கையெழுத்திடும் முன்மொழிபவர், வழிமொழிபவர். இருவரும் அதே தொகுதி வாக்காளராக இருக்க வேண்டும். தோட்டத்தை விட்டுக் கிள்ளான் போனவர் தன் ஓட்டையும் அங்கே மாற்றியிருக்கலாம். கையெழுத்து வாங்குமுன் வாக்காளர் பட்டியலில் பாருங்கள்.