நீர்ச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்தும் ஒரே இரவில் மீன்கள் இறந்தது ஏன்?

கேள்வி

இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிக்கலின்றி இயங்கிவரும் 180 லிட்டர் நன்னீர்த் தொட்டியில் ஒரே இரவில் பல மீன்கள் இறந்துவிட்டன. காரணத்தைக் கண்டறிய உதவி வேண்டுகிறேன். முந்தைய மாலை வழக்கம்போல மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றி, குளோரின் நீக்கியை உரிய அளவில் கலந்து, தொட்டியை விளிம்புவரை நிரப்பினேன். விளக்கை அணைக்கும் நேரத்தில் எல்லா மீன்களும் நன்றாக இரையெடுத்தன. விடிந்து பார்த்தபோது ஏஞ்சல்களும் பெரிய பார்புகளும் ஒன்றுவிடாமல் இறந்திருந்தன. டெட்ராக்களில் பாதி போக, எஞ்சியவை நீர்மட்டத்தை ஒட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கௌராமி இணைக்கும் கோரிடோராஸ் கூட்டத்துக்கும் ஆப்பிள் நத்தைகளுக்கும் எதுவும் ஆகவில்லை. செர்ரி இறால்கள் மிதக்கும் செடிகளின் மேல் ஏறியிருந்தன. அவற்றில் இறந்தது எதையும் காணவில்லை.

பிற்பகலில் டெஸ்ட் கிட் கொண்டு அளந்தேன். அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20 பிபிஎம், பிஎச் 7.2, வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸ். இறந்த மீன்களின் உடலில் புண், வெண்புள்ளி, துடுப்பழுகல் என எந்த அடையாளமும் இல்லை. பாக்டீரியாத் தொற்றாக இருக்கும், உடனே ஆன்டிபயாடிக் போடுங்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போடலாமா?

முதல் மறுமொழி

மருந்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். காலம்நாரிஸ் போன்ற சில தொற்றுகள் வெதுவெதுப்பான நீரில் ஓரிரு நாளிலேயே மீனைக் கொல்லக்கூடியவைதான்; ஆனால் அவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்வை உண்டாக்கிப் பரவுமேயன்றி, மாலையில் இரையெடுத்த பல இன மீன்களை விடிவதற்குள் ஒருசேரச் சாய்ப்பது அரிது. வெவ்வேறு இனங்கள் ஒரே நேரத்தில் விழுந்தால் முதலில் நீரைத்தான் ஐயப்பட வேண்டும். தவிர, ஆன்டிபயாடிக் மருந்துகளில் சில வடிகட்டியில் வாழ்ந்து அம்மோனியாவை உண்ணும் நன்மை தரும் பாக்டீரியாக்களையும் அழித்துவிடும்; அப்போது இன்று பூச்சியமாக இருக்கும் அம்மோனியா உண்மையாகவே ஏறிவிடும்.

நீங்கள் தந்த எண்களைவிட, எவை இறந்தன, எவை பிழைத்தன என்று எழுதியிருப்பதே எனக்குப் பெரிய தடயமாகப் படுகிறது. கௌராமிக்குச் செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு உண்டு. கோரிடோராஸ் மேலே பாய்ந்து வந்து காற்றை விழுங்கி, குடலின் வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆப்பிள் நத்தைக்கு நுரையீரல் போன்ற அறை இருக்கிறது. ஆக, நீரில் கரைந்த ஆக்சிஜனை மட்டும் நம்பியிருக்க வேண்டாத உயிர்கள் பிழைத்திருக்கின்றன; நம்பியிருந்தவற்றில் உடல் பெரியவை முழுவதும் மடிந்து, சிறியவை பாதி தப்பியிருக்கின்றன. மூச்சுத்திணறலில் பெரும்பாலும் இப்படித்தான் பெரிய மீன்கள் முந்திச் சாகும். இறால்கள் உயிரோடு இருப்பது இன்னொரு ஐயத்தையும் நீக்குகிறது: கொசு விரட்டிகளிலும் பூச்சித் தெளிப்பான்களிலும் உள்ள பைரித்ராய்டு வகை நஞ்சோ, குழாயிலிருந்து வந்த செம்போ காரணமென்றால் இறால்கள்தாம் முதலில் போயிருக்கும்.

நீங்கள் சோதித்த நேரத்தையும் கவனியுங்கள். விளக்கு எரியும்போது செடிகள் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இருட்டில் அவையும் மீன்களைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை விடுகின்றன. ஆகவே கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான். பிற்பகல் அளவீடு அந்த நேரத்து நிலையைக் காட்டாது. உங்கள் கிட்டில் ஆக்சிஜன் சோதனையே இல்லை என்றும் நினைக்கிறேன். 25 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதே வெப்பத்தில் மீன்களின் தேவையோ கூடுகிறது.

சில விவரங்கள் வேண்டும். இறந்த மீன்களின் வாயும் செவுள் மூடிகளும் விரிந்திருந்தனவா? செவுள் என்ன நிறத்தில் இருந்தது? நிரப்பிய பிறகு வடிகட்டியின் நீர் வெளியேறும் வாய் எங்கே இருந்தது? ஏர் பம்ப் இருக்கிறதா?

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் நீர் மாற்றிய இரவிலேயே நடந்திருப்பதால், குழாய் நீரில் கிருமி நீக்கச் சேர்க்கப்படும், குளோரினும் அம்மோனியாவும் கூடிய குளோரமினையும் விசாரிக்காமல் விடக்கூடாது. குளோரின் நீரைத் திறந்து வைத்தால் ஆவியாகிப் போகும். குளோரமின் அவ்வாறு எளிதில் போகாது. வெறும் சோடியம் தயோசல்பேட் கொண்ட நீக்கி அதிலுள்ள குளோரினை மட்டும் செயலிழக்கச் செய்து, அம்மோனியாவை நீரில் விட்டுவிடும். மறுநாள் பிற்பகலுக்குள் முதிர்ந்த வடிகட்டி அதை உண்டு முடித்திருக்கும் என்பதால், பூச்சியம் என்ற அளவு இரவிலும் பூச்சியமே என்பதற்குச் சான்றாகாது. பிஎச் இதில் பெரிய பங்கு வகிக்கிறது: 25 டிகிரியில் பிஎச் 7 இருந்தால் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பிஎச் 8 ஆனால் ஏறக்குறைய 5 சதவீதம். உங்கள் 7.2 ஓரளவு காப்பான எண்தான். குழாய் நீரைத் தனியாக ஒரு பாத்திரத்தில் பிடித்து, நீக்கி சேர்த்த உடனே அம்மோனியா சோதித்தால் இந்த ஐயம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. குழாய் நீரில் நீக்கி கலந்து சோதித்தேன். அம்மோனியா 0 என்றே வந்தது. இறந்த ஏஞ்சல்களின் வாய் அகலத் திறந்து, செவுள் மூடிகள் விரிந்து நின்றன. செவுள் வெளிறிய சிவப்பு, பழுப்பு இல்லை. வடிகட்டியின் வாய் வழக்கமாக நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நின்று நீரைக் கொட்டும். அன்று விளிம்புவரை நிரப்பியதால் அது முழுவதும் மூழ்கியிருந்தது. நீரின் மேல் எண்ணெய் போன்ற மெல்லிய ஆடையும் படர்ந்திருந்தது. ஏர் பம்ப் இல்லை. தொட்டியில் செடிகள் அடர்த்தியாக இருக்கின்றன. சில நாள்களுக்கு முன் வைத்த புதிய மரக்கட்டையின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் போன்ற ஒன்று படிந்திருக்கிறது. ஒரே ஒரு குழப்பம்: இதே செடிகளோடு இத்தனை காலமும் இத்தனை மீன்கள் வாழ்ந்தனவே?

முதல் மறுமொழி எழுதியவர்

அப்படியானால் காரணம் ஏறத்தாழப் பிடிபட்டுவிட்டது. செவுள் பழுப்பாக இருந்திருந்தால் நைட்ரைட்டை மறுபடி தேடச் சொல்லியிருப்பேன். அது இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுத்து நிறத்தை மாற்றிவிடும். வாயும் செவுள் மூடியும் விரிந்த நிலையில் இறப்பது மூச்சுத்திணறலுக்கு உரிய அடையாளம். ஆனால் செவுள் வெளிறியிருப்பதை மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இறந்து ஓரிரு மணி நேரத்திலேயே நிறம் மங்கிவிடும்.

உங்கள் குழப்பம் நியாயமானது. தொட்டிக்குள் ஆக்சிஜன் பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகத்தான் இறங்குகிறது. பரப்பு அசைந்துகொண்டே இருந்தால் போதும், அடர்ந்த செடிகள் இருந்தாலும் இரவு கடந்துவிடும். இதுவரை வடிகட்டியிலிருந்து கொட்டிய நீர் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவந்திருக்கிறது. அன்று வாய் மூழ்கியதும் பரப்பு அசைவற்றுப் போய், அதன் மேல் ஆடையும் மூடிக்கொண்டது. புதிய மரக்கட்டையிலிருந்து கசியும் கரிமப் பொருளை உண்டு பெருகும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன; அந்த வெள்ளைப் படிவும் அத்தகையதே. தனித்தனியாக இவற்றில் எதுவும் கொன்றிருக்காது. 29 டிகிரி வெப்பத்தில் எல்லாம் ஒரே இரவில் சேர்ந்துகொண்டன.

இதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது. நீர்மட்டத்தை இறக்கிவிட்டு, விடியலுக்கு முன் விளக்குப் போடாமல் பிஎச் அளந்து, மாலையில் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். நீரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு பிஎச்சை இறக்கும்; ஆகவே காலையில் கணிசமாகக் குறைந்திருந்தால் இரவில் அது வெளியேறாமல் தேங்குகிறது, பரப்பு வழியாக வாயுப் பரிமாற்றம் போதவில்லை என்று பொருள். அதே விடியற்காலை நீரைக் குவளையில் எடுத்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்பின் குழாய் முனையில் குமிழிகளை விடும் கல்) கொண்டு ஒரு நாள் காற்றூட்டிய பின் பிஎச் உயர்ந்தாலும் முடிவு அதுவே. வாய்ப்பிருந்தால் கரைந்த ஆக்சிஜனுக்கான சோதனையும் வாங்குங்கள். விடியலில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும்.

இன்றிரவே ஏர் பம்ப் வைத்து, விளக்கு அணையும் நேரத்திலிருந்து விடியும்வரை ஓடவிடுங்கள். நீரின் மேல் படர்ந்த ஆடையை உறிஞ்சுதாளைப் பரப்பி எடுத்துவிடலாம். மரக்கட்டையை வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவி, சில நாள்கள் தனி நீரில் ஊறவைத்துத் திரும்ப வையுங்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாதீர்கள். தொட்டி நீரிலேயே அலசினால் போதும். இறந்தவற்றுக்கு ஈடாகப் புது மீன்களை இப்போதே விடவும் வேண்டாம். எஞ்சிய டெட்ராக்கள் விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வராமல் நடு ஆழத்தில் நீந்துகின்றனவா என்பதைச் சில வாரம் பார்த்த பிறகு, முன்பிருந்ததைவிடக் குறைவான எண்ணிக்கையில் தொடங்குங்கள்.