பசும்பாறையில் பொன் தேடிப் போனவர்கள்: கண்டதைச் சொல்லுங்கள்

லென்சுக்காரர்

நிலவியல் வேலை என்று சொன்னால் கல்யாண வீட்டில் வருகிற முதல் கேள்வி, "தங்கத்தைக் கண்ணால பாத்திருக்கீங்களா?" கர்நாடகத்தில் ஹட்டி, மஸ்கி பக்கமும் கோலார்ப் பட்டையின் தென்கோடியிலும் வெயிலில் அலைந்த ஆள் நான். பாறைக்குள் தங்கத்தை நேரில் பார்த்த சமயங்கள் மிகக் குறைவு. டன்னுக்கு 4 கிராம் தேறினாலே சுரங்கம் தோண்டலாமா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த 4 கிராமும் ஒரு டன் கல்லுக்குள் துகள் துகளாகச் சிதறிக் கிடக்கும். எங்கே போய்ப் பார்ப்பது?

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. கோலார், ஹட்டி, ஆந்திராவில் ராமகிரி, ஜொன்னகிரி எல்லாம் பசும்பாறைப் பட்டைகள். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கொட்டிய பசால்ட் எரிமலைக் குழம்புதான் இவற்றில் பெரும்பகுதி. சுற்றிலும் கிரானைட் மேலேறி நெருக்கியதில் அவை மடிந்து, கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்து, ஒடுங்கிய நீளப் பட்டைகளாக மிஞ்சின. கோலார்ப் பட்டை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடுகிறது. அகலம் பெரும்பாலும் 3, 4 கிலோமீட்டர்தான். ஒரு பக்கம் நின்று மறுபக்கத்துக் கிரானைட் குன்றைப் பார்த்துவிடலாம். குளோரைட் என்ற பச்சைக் கனிமம் மிகுந்த இடங்களில் பாறை உண்மையிலேயே பச்சையாக இருக்கும். கோலாரில் வெப்பம் அதிகமாக ஏறிவிட்டதால் ஹார்ன்பிளெண்ட் என்ற கருங்கனிமம் வளர்ந்து கல் கறுத்துக் கிடக்கிறது.

தங்கம் பிறகுதான் வந்தது. ஆழத்திலிருந்து கரியமில வாயுவும் கந்தகமும் கலந்த சுடுநீர், பாறை நசுங்கி வழுக்கிய ஷியர் மண்டலங்கள் வழியாக மேலேறியது. அந்த நீரில் தங்கம் கந்தகத்தோடு பிணைந்து கரைந்திருக்கும். இரும்புச்சத்து மிகுந்த பசால்ட்டைத் தொட்டதும் கந்தகம் இரும்போடு ஓடிப்போய்ப் பைரைட் ஆகிவிடும். துணையை இழந்த தங்கம் அந்த இடத்திலேயே படியும். களத்தில் நாங்கள் பார்ப்பதெல்லாம் அந்தச் சுடுநீர் விட்டுப்போன தடயங்களைத்தான்: பயோட்டைட் என்ற பழுப்பு மைக்கா, அமிலத்துளி பட்டால் பொங்குகிற கார்பனேட், துருப்பிடித்த குவார்ட்ஸ், ஆர்சனிக். தங்கம் கடைசியில், ஆய்வுக்கூடத்துக் காகிதத்தில் ஓர் எண்ணாக வரும்.

இந்த வேலையில் எதை நேருக்கு நேர் சந்தித்தீர்கள்? தங்கமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

கோர் பெட்டி

நான் துளையிடும் கேம்பில் கோர் லாகிங் பார்த்தவன். வைர முனைத் துரப்பணத்தில் உருளை உருளையாக வெளிவரும் கல்லைப் பெட்டியில் வரிசையாக அடுக்கி, நனைத்து, லென்ஸ் வைத்துப் படிப்பது என் வேலை. கண்ணுக்குத் தெரியும் தங்கத்தைப் பதிவேட்டில் 'வி.ஜி.' என்று எழுதுவோம். எங்கள் கேம்பில் "விஜி வந்தாச்சா?" என்று கேட்காத நாள் கிடையாது. சமையல்காரர் அது யாரோ ஒரு அம்மா என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் வந்தேவிட்டது. வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பின் ஓரத்தில் கடுகில் பாதி அளவு. பைரைட் என்றால் லென்ஸைத் திருப்பத் திருப்ப முகம் முகமாக மின்னும், ஊசியால் குத்தினால் உடையும். இது எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மஞ்சள், ஊசி பட்டதும் பள்ளம் விழுந்தது. கேம்பே திரண்டுவிட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கோரை நெடுக்காக இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி, மறுபாதியைப் பெட்டியிலேயே வைக்க வேண்டும். அறுக்கும் கோட்டை நான் ஏற்கெனவே பென்சிலால் போட்டிருந்தேன். தங்கப் பொட்டு விழுந்தது பெட்டியில் தங்குகிற பாதியில். உடனிருந்த ஒருவர், "பெட்டியைத் திருப்பிப் போடு தம்பி, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். எங்கள் மூத்த நிலவியலாளர் சம்மதிக்கவில்லை. எப்போதும் ஒரே பக்கத்துப் பாதிதான் போக வேண்டும். மினுங்குகிற பக்கத்தைப் பொறுக்கி அனுப்ப ஆரம்பித்தால் தங்கப் படிவின் மதிப்பீடு முழுக்கப் பொய்யாகிவிடும் என்றார். மந்தமான பாதியே போனது. முடிவு, சொல்லும்படியாக ஒன்றுமில்லை. ஒரு சாண் கல்லின் இரண்டு பாதிகள் இப்படி வேறுபடுவதைத்தான் நக்கெட் விளைவு என்கிறோம். முதலீட்டாளர்களிடம் காட்டும் பளபளப்பான ஒற்றைக் கோர் புகைப்படத்தை நான் அன்றிலிருந்து நம்புவதில்லை.

உரிகம் பையன்

நீங்கல்லாம் கல்லுக்கு வெளியே நின்னு பேசறீங்க. எங்க குடும்பம் கல்லுக்குள்ளயே இருந்துச்சு. தாத்தா வட ஆற்காட்டுலருந்து வந்தவரு, அப்பா சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கத்துல. கோலார் தங்கவயல்ல தொழிலாளிங்க இருந்த லைன் வீடுகள்ல முக்கால்வாசி நம்ம ஜனம்தான்.

நேருக்கு நேர் சந்திச்சதுன்னா, ஏர் பிளாஸ்ட். இன்ஜினீயருங்க ராக் பர்ஸ்ட்டும்பாங்க, லைன்ல எல்லாரும் ஏர் பிளாஸ்ட்டும்பாங்க. ராத்திரி படுத்திருக்கறப்போ கீழேர்ந்து ஒரு 'தும்'. அலமாரியில பாத்திரம் குலுங்கும். பொம்பளைங்க உடனே வெளியே வந்துடுவாங்க, யாரு வீட்டு ஆளு எந்த ஷிஃப்ட்டுன்னு ஒருத்தருக்கொருத்தர் கேட்டுக்குவாங்க. அப்புறம் சுரங்கத்துல எறங்கற குழி, அந்த சாஃப்ட் பக்கம் நடப்பாங்க. ஓட மாட்டாங்க, நடப்பாங்க. எனக்கு அது இன்னும் புரியல.

அப்பா சொன்ன காரணம்: 3 கிலோமீட்டர் ஆழத்துல மேல இருக்கற அத்தனை பாறையோட பாரமும் அமுக்குது. நரம்பை வெட்டி எடுத்துட்டா அந்தப் பாரம் பக்கத்துல விட்டு வெச்ச தூணு மேல ஏறும். இந்தப் பாறை வளையாது. தாங்கற வரைக்கும் தாங்கும், அப்புறம் வெடிக்கும். கிளென் ஓர் ஷூட்டுன்னு ஒரு பகுதி, அங்க வேலைன்னா வீட்டுல சொல்லாம போவாராம். மூடின பிறகு சுரங்கத்துல தண்ணி ஏறினப்பவும் ஊரு அப்பப்போ நடுங்கிச்சு.

அடிமட்டத்துக்கு ஒரே கேஜுல, அதாவது சுரங்க லிஃப்ட்டுல, போக முடியாது, நடுவுல எறங்கி மாறணும். கீழ பாறையோட சூடே 60 டிகிரிக்கு மேல. மேலேர்ந்து குளுந்த காத்தை இறக்கித்தான் ஆளை உயிரோட வெச்சிருந்தாங்க. குவார்ட்ஸ் தூளு நெஞ்சுல படிஞ்சு மூச்சு வாங்கினவங்க எத்தனை பேரு எங்க தெருவுல. அப்பா கீழ தங்கத்தைப் பாத்தாரான்னு கேட்டா, "வெள்ளைக் கல்லு பாத்தேன், கறுப்புக் கல்லு பாத்தேன்"ம்பாரு. 120 வருசத்துல 800 டன்னுக்கு மேல எடுத்தாங்கன்னு கணக்கு. 2001 பிப்ரவரி 28, மூடியாச்சு.

லென்சுக்காரர்

உரிகம் தம்பி, அப்பா சொன்ன காரணம் பாடப்புத்தகத்தில் இருப்பதைவிடத் தெளிவு. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: குறுக்கே போகும் டைக்குகளும் (பாறையைக் குறுக்கே வெட்டி ஏறி உறைந்த குழம்புச் சுவர்கள்) பிளவுகளும் இருந்த இடங்களில்தான் அந்த வெடிப்புகள் கூடுதல் மோசம்.

தீச்சோதனை

ஆய்வுக்கூடத்துக் காகிதத்தில் எண்ணாக வரும் என்று லென்சுக்காரர் அண்ணன் ஒரே வரியில் தாண்டிவிட்டார். அந்த எண்ணை எடுத்துக் கொடுக்கிறவள் நான்.

கல்லை நொறுக்கி, மாவாக அரைத்து, 30 அல்லது 50 கிராம் எடுத்து லித்தார்ஜ் (ஈய ஆக்ஸைடு), சோடா, போராக்ஸ், கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து 1,000 டிகிரிக்கு மேல் உருக்குவோம். கோதுமை மாவு என்றதும் எல்லோரும் சிரிப்பார்கள். அதிலுள்ள கார்பன்தான் லித்தார்ஜை ஈயமாக மாற்றுகிறது. ஈயத்துளிகள் கசண்டு வழியாகக் கீழே இறங்கும்போது தங்கத்தையும் வெள்ளியையும் வாரிக்கொண்டு போகும். ஈயக் கட்டியை மறுபடி சூளையில் கூப்பெல் என்ற, ஈயத்தை உறிஞ்சும் கிண்ணத்தில் வைத்தால் ஈயம் ஆக்ஸைடாகிக் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும், ஒரு சின்ன மணி மிஞ்சும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளி கரைந்துபோகும். அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதுதான் உங்கள் அத்தனை பேருடைய அலைச்சலும்.

என்னுடைய அனுபவம் தாலி. மாதிரி தயாரிக்கும் அறைக்குள் யாரும் தங்கம் அணியக் கூடாது. மோதிரம் அரைக்கும் கிண்ணத்தில் உரசினாலே போதும், எதுவுமில்லாத கல்லில் தங்கம் காட்டிவிடும். நாம் அளப்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கை. வளையல், கம்மல் எல்லாம் கழற்றி வைத்துவிடலாம். தாலியை? நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மேலாளர் கறாராக, "அதுவும்தான்" என்றுவிட்டார். உடன் வேலை செய்த ஒரு அக்கா அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டார். மாமியாரோடு பேசி, மறுவாரம் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதன்பிறகு அந்த அறையில் அதுவே வழக்கமாகிவிட்டது. விதி சரியானது. ஆனால் ஆண்களுக்கு அது ஒரு மோதிரத்தோடு முடிந்துவிட்டது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கோர் பெட்டி சார், எங்களைச் சோதிக்க உங்கள் சாக்குகளுக்கு நடுவே நீங்கள் நுழைக்கும் வெற்றுக் கல்லும், மதிப்பு தெரிந்த தரப் பொடியும் எது எது என்று எங்களுக்குத் தெரியாது என நினைக்கிறீர்கள். பாக்கெட்டைப் பார்த்ததுமே தெரியும்.

கோர் பெட்டி

தெரியும் என்று எங்களுக்கும் தெரியும் அம்மா.

குப்பம் வழி

சிகரகுண்டா பக்கம், ஆந்திர எல்லையில் மண் மாதிரி எடுத்தவன். கோலார்ப் பட்டையின் தெற்கு நீட்சி. தங்கம் மண்ணில் மிகக் கொஞ்சம்தான் தெரியும், ஆர்சனிக் அகலமாகப் பரவி நிற்கும். அதனால் முதலில் ஆர்சனிக் வரைபடம்தான் போடுவோம். ஆர்சனோபைரைட் உள்ள கல்லைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் பூண்டு வாடை வரும். என் உதவியாளர் உள்ளூர் ஆடு மேய்ப்பவர், எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர் மூக்குதான் கண்டுபிடித்தது.

நேருக்கு நேர்? யானை. கௌண்டின்யா சரணாலயத்துக் கூட்டம். மாதிரிப் பைகளைப் போட்டுவிட்டு வந்துவிட்டோம். மறுநாள் போனபோது பைகள் மிதிபட்டு எல்லா மண்ணும் கலந்து கிடந்தது. அந்த வரிசையை மறுபடி எடுத்தோம். அவ்வளவுதான் கதை.

முதலாமாண்டு

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். நான் நிலவியல் முதல் வருடம், ஊர் கிருஷ்ணகிரி பக்கம். மகாராஜகடையில் தங்கம் இருக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். மெட்டல் டிடெக்டர் வாங்கினால் கிடைக்குமா? இன்னொன்று, பழங்காலத்து ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள் என்று எங்கள் தாத்தா சொல்கிறார், உண்மையா?

லென்சுக்காரர்

தாத்தாவிலிருந்து தொடங்குகிறேன். பாதி உண்மை. தரையில் தலைகாட்டிய நரம்பு எதையும் பழைய ஆட்கள் விடவில்லை. நெருப்பு மூட்டிப் பாறையைச் சூடாக்கி, குளிரவைத்து விரிசல் விழச் செய்து, ஹட்டியில் பல நூறு அடி இறங்கியிருக்கிறார்கள். இன்றும் நாங்கள் களத்தில் முதலில் தேடுவது அவர்களுடைய குழிகளையும், கல் அரைத்த குழிவுகளையும்தான். மஸ்கியில் 1915இல் தங்கம் தேடிப்போன பீடன் என்ற சுரங்கப் பொறியாளர் கண்ணில் பட்டது அசோகர் கல்வெட்டு. அசோகன் என்ற பெயரே பொறித்த கல்வெட்டு அது. தங்கத்தைத் தேடிப்போய் இதைவிடப் பெரிதாக யாரும் எதையும் சந்தித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தண்ணீர் ஊறும் ஆழத்துக்குக் கீழே அவர்களால் அதிகம் போக முடியவில்லை. கோலாரில் 1802இலேயே லெப்டினன்ட் வாரன் கிராமத்தார் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். 1870களில் லவல் என்பவர் உரிமம் வாங்கினார். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. கொஞ்ச காலத்தில் மைசூர் சுரங்கக் கம்பெனியின் பணம் கரைந்து, மூடிவிடலாம் என்ற நிலை. மிச்சப் பணத்தைப் பழைய குழிகளுக்கு அடியில் இறங்கச் செலவிட்டார் கேப்டன் பிளம்மர். அங்கே கிடைத்தது சாம்பியன் லோட். உரிகம் தம்பியின் குடும்பத்தை வட ஆற்காட்டிலிருந்து வரவழைத்த நரம்பு.

டிடெக்டர் வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவில், கால்கூர்லி பக்கத்துப் பசும்பாறைப் பட்டைகளில், ஆழமாகச் சிதைந்த செம்மண்ணில் தங்கம் கட்டியாகத் திரண்டு கிடக்கும். அங்கே அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்கி வார இறுதியில் டிடெக்டரோடு போகிறார்கள், சிலருக்குக் கிடைக்கவும் செய்கிறது. மகாராஜகடையில் அரசு ஆய்வுத்துறை தேடியது உண்மை. அது பாறைக்குள் துகளாக இருப்பது, டிடெக்டர் கீச்சென்று கூடச் சொல்லாது. 1957 கனிமச் சட்டப்படி உரிமம் இல்லாமல் நீ தேடவும் கூடாது.

உரிகம் பையன்

தம்பி, தங்கம் வேணும்னா எங்க ஊருக்கு வா, வெளியிலயே கிடக்கு. கல்லை அரைச்சு, சயனைடுல தங்கத்தைக் கரைச்செடுத்து மிஞ்சின மண்ணு 13 சயனைடு மேடா நிக்குது. அதுல மிச்சம் இருக்கற தங்கத்தை எடுக்க 2024ல கர்நாடக அரசு சம்மதிச்சிருக்கு. காத்தடிச்சா அந்தத் தூளு நேரா எங்க வீட்டுக்குள்ள. எடுத்துட்டுப் போனா சந்தோசம்தான், எடுக்கற வேலை எங்க பசங்களுக்குக் கிடைக்குமான்னு தெரிஞ்சா இன்னும் சந்தோசம்.

லென்சுக்காரர்

முதலாமாண்டு, விடுமுறையில் சித்ரதுர்கா பக்கம் மரடிஹள்ளிக்குப் போ. கடலடியில் உறைந்த தலையணை லாவா அங்கே அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு உருண்டையின் அடியிலும் ஒரு வால் கீழ்நோக்கி, கீழிருந்த இரண்டு உருண்டைகளின் இடுக்கில் இறங்கியிருக்கும். அதை வைத்து அந்தப் பாறை முதலில் எந்தப் பக்கம் மேலாக இருந்தது என்று சொல்லிவிடலாம். நோட்டில் வரைந்துகொண்டு வா. சுத்தியலை வண்டியிலேயே விட்டுவிடு, அது பாதுகாக்கப்பட்ட தேசிய நிலவியல் சின்னம்.